பட்டியலில் வராத 412 மணி நேரம்

டிசம்பர் வந்தால் நம் எழுத்தாளர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வருடம் வாசித்த நூல்களை மேசைமேல் அடுக்கிப் படம் எடுப்பார்கள். கீழே பட்டியல் போடுவார்கள். நானும் மூன்று வருடம் போட்டிருக்கிறேன். 2024-இல் என் பட்டியலில் 38 நூல்கள் இருந்தன. அதில் ஒன்பதைப் பாதியிலேயே மூடிவிட்டேன் என்பது இதுவரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

2025-இல் 11 நூல்கள்தான். மிச்ச நேரம் எங்கே போச்சு என்று ஸ்டீம் கணக்கைத் திறந்து கூட்டிப் பார்த்தேன். 412 மணி நேரம் வீடியோ கேம் விளையாடியிருக்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் 51 நாள். ஞாயிறு, பொதுவிடுமுறை எல்லாம் கழித்தால் இரண்டு மாதச் சம்பளத்துக்கான உழைப்பு.

பாவமன்னிப்பு கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. போன வருடம் ஈப்போவில் ஒரு நூல் வெளியீட்டில் மூத்தவர் ஒருவர் பேசினார். "இப்ப உள்ள பிள்ளைங்க ராத்திரியெல்லாம் கேம்ல கெடக்கறானுங்க, அப்புறம் இலக்கியம் எங்கிருந்து வளரும்?" என்றார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். என் வரிசையில் இருந்த இன்னும் இரண்டு பேரும் தட்டினார்கள். முந்தின நாள் இரவு ஒரு மணி வரைக்கும் அவர்களோடுதான் நான் விளையாடிக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்தக் கைத்தட்டலுக்காகத்தான் இந்தக் கட்டுரை. மூத்தவரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. அவர் காலத்தில் சினிமாவைத் திட்டினார்கள், அதற்கு முந்திய தலைமுறையில் நாவலைத் திட்டினார்கள், இப்போது இவர் முறை. என் சண்டை எங்களோடு. இரவில் ஒன்றைச் செய்துவிட்டுப் பகலில் வேறொன்றை எழுதுகிற எங்களோடு.

அதிக நேரம் போனது ஸ்டார்டியூ வேலியில். 187 மணி நேரம். விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிக் பரோன் என்ற அமெரிக்கர் ஏறத்தாழ நாலரை வருடம் தனியாளாக உட்கார்ந்து, படம், இசை, எழுத்து எல்லாவற்றையும் தானே செய்து 2016-இல் வெளியிட்ட ஆட்டம் இது. நகரத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் கணினி முன்னால் காய்ந்துகொண்டிருக்கிறீர்கள். இறந்துபோன தாத்தா கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைப் பிரிக்கிறீர்கள். கிராமத்தில் இருக்கும் அவருடைய பண்ணை இனி உங்களுக்கு. வேலையை உதறிவிட்டுப் பஸ் ஏறுகிறீர்கள். அப்புறம் விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, மீன் பிடிப்பது, ஊர்க்காரர்களுக்கு ஏதாவது கொடுத்துச் சிநேகம் பிடிப்பது. அவ்வளவுதான். அதற்குள்ளேயே ஆள் மூழ்கிவிடுவான்.

முதல் காட்சியிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 31 வருடம் வேலை செய்தவர். அவர் எங்களுக்கு விட்டுச்சென்றது ஒரு சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை கிடைக்காத நிரந்தரவாசிக்குக் கொடுக்கிற அட்டை அது. குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். கோழிக்கூண்டைப் பிரித்து லாரியில் ஏற்றியதை அம்மா இன்றைக்கும் சொல்வார். ஸ்டார்டியூவில் மூன்றாம் வருடத் தொடக்கத்தில் தாத்தாவின் ஆவி வந்து பேரன் எப்படிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டான் என்று கணக்கெடுக்கும். நன்றாகச் செய்திருந்தால் நாலு மெழுகுவத்தி எரியும். எனக்கு நாலும் எரிந்தன. என் சொந்தத் தாத்தா வந்தால் எதற்காக ஏற்றுவார் என்று யோசித்தேன். என் அடையாள அட்டை நீல நிறத்தில் இருப்பதைப் பார்த்து ஒன்று ஏற்றுவார் என்று நினைக்கிறேன்.

இந்த ஆட்டத்தில் 'டேப்பர்' என்று ஒரு பொருள் உண்டு. 40 மரக்கட்டையும் 2 செம்புப் பாளமும் இருந்தால் செய்துவிடலாம். ஓக் மரத்தில் மாட்டினால் 7 நாளில் பிசின், மேப்பிளில் 9 நாளில் பாகு, பைனில் 5 நாளில் தார். மாட்டிவிட்டு மறந்துவிடலாம். நிறைந்ததும் மரத்துக்கு மேலே சின்னதாக ஒரு குமிழ் தெரியும், போய் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் டேப்பர் என்றால் ஓர் ஆள். தோட்டத்துப் பதிவேட்டில் பாட்டியின் பெயருக்கு எதிரே ஆங்கிலத்தில் எழுதியிருந்த தொழில் அது.

பாட்டிக்கு 83 வயது. 1942-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் உளியைப் பிடித்தவர். இப்போது எங்களோடு புந்தோங்கில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"என்னாய்யா அது, மரத்துல வாளி மாட்டியிருக்கு?"

"பால் எடுக்கறேன் பாட்டி."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் அன்றைக்கு மழை.

"மழ பேயுதே. அப்ப இன்னிக்கு வேல கெடையாது."

"இதுல மழ பேஞ்சா நல்லது பாட்டி. செடிக்குத் தண்ணி ஊத்தற வேல மிச்சம்."

"யாருக்கு நல்லது?" என்றார்.

மழை பெய்தால் மரத்தின் பட்டை நனைந்துவிடும். வெட்டிய கோட்டில் இறங்க வேண்டிய பால் நாலாபக்கமும் பரவி வழிந்துவிடும். மங்கில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். அதனால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு நிற்கும்போது எல்லாரும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். மாதத்தில் பத்து நாள் மழை பிடித்தால் கடைக்காரரின் 555 புத்தகத்தில் பக்கம் நிறைந்துவிடும். பாட்டி இதை ஒரு சோகக் கதையாகச் சொல்லவில்லை. ஆட்டத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தவர்போலச் சொன்னார். எத்தனை மரம் என்று கேட்டார். பதினாறு என்றேன். அவர் நிரையில் நானூற்றைம்பது. பட்டையை எவ்வளவு கனமாக எடுக்கிறாய், ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு முண்டு விழுமே, தண்டல் ஒன்றும் சொல்ல மாட்டானா என்றெல்லாம் கேட்டார். இந்த மரத்துக்குக் காயமே படாது, பட்டையும் தீராது என்றேன். "அப்ப நல்ல மரந்தான்" என்று சொல்லிவிட்டுப் பசியாறப் போய்விட்டார்.

அதே வாரம் ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளை முதல் சுற்றில் வாசித்துக் கழிக்கிற வேலை என்னிடம் வந்தது. இளைஞர்களுக்கான போட்டி. தோட்டத்தைப் பற்றிய கதைகள் மட்டும் இருபதுக்குக் குறையாது. எழுதியவர்கள் பெரும்பாலும் என் வயது, அல்லது என்னைவிடச் சின்னவர்கள். தாமான் வீட்டில் பிறந்து, அஸ்ட்ரோ பார்த்து வளர்ந்து, சிசியில் மணிக்கு இரண்டு வெள்ளி கொடுத்து டோத்தா ஆடியவர்கள். கதைகளில் சேவல் கூவுகிறது. மாரியம்மன் கோயில் திருவிழா நடக்கிறது. ஆற்றில் குளிக்கிறார்கள். பாட்டி கையால் சாப்பிடுகிறார்கள். கடைசியில் கதைசொல்லி பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். தோட்டம் செம்பனையாகியிருக்கிறது, அல்லது தாமானாகியிருக்கிறது. மிச்சமிருக்கும் ஒற்றைப் பால்மரத்தைக் கட்டிப்பிடித்து அழுகிறான்.

அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் மழை பெய்தது. மண்வாசனையோடு பெய்தது. ஒன்றில்கூட யாருக்கும் மழையால் சம்பளம் போகவில்லை.

நாங்கள் எழுதுவது ஸ்டார்டியூ வேலிதான். தீராத பட்டை, காயம் படாத மரம், தாத்தா விட்டுச்சென்ற ஊர், எல்லாரும் பெயர் தெரிந்த பக்கத்துவீட்டுக்காரர்கள். பரோனாவது அதை விளையாட்டு என்று சொல்லி விற்றார். நாங்கள் வரலாறு, வேர், அடையாளம் என்று பெயர் வைத்துப் பரிசு வாங்குகிறோம். அப்படிப்பட்ட கதையை எழுதி நானே ஒரு முறை ஐந்நூறு வெள்ளி வாங்கியிருக்கிறேன், அதனால் இதைச் சொல்கிற உரிமை எனக்கு உண்டு. என் கதையில் மழையோடு கிழவி ஒருத்தி பாட்டும் பாடினாள். பாட்டியிடம் வாசித்துக் காட்டியபோது, "நல்லாருக்கு, எந்தத் தோட்டம் இது?" என்று கேட்டார். அவர் வேலை செய்த தோட்டம்தான் அது. நான் பெயரைச் சொல்லவில்லை.

தோட்டத்தை எழுதவே கூடாது என்று நான் சொன்னதாக யாராவது கிளம்புவார்கள். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' நாவலை எடுத்து வாசித்துப் பாருங்கள். அ. ரெங்கசாமியை வாசியுங்கள். அவர்கள் தங்கள் காலத்தில் தங்கள் கண் முன்னால் இருந்ததை எழுதினார்கள். அதில் புழுக்கமும் உண்டு, அசிங்கமும் உண்டு, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்ததும் உண்டு. நாங்கள் அவர்களிடம் கற்றிருக்க வேண்டியது கண் முன்னால் இருப்பதை எழுதுவதை. எடுத்துக்கொண்டதோ மரத்தையும் மங்கையும் மட்டும்.

இப்போது விக்டோரியா 3. 121 மணி நேரம். ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆட்டம். 1836-இல் தொடங்கி 1936-இல் முடியும். ஒரு நாட்டைக் கையில் எடுத்து நடத்த வேண்டும். மக்கள் எல்லாரும் எண்கள். என்ன இனம், என்ன தொழில், எழுத்தறிவு எவ்வளவு, வாழ்க்கைத்தரம் எவ்வளவு என்று வரிவரியாகக் காட்டும். நான் பிரிட்டனை எடுத்தேன். ஆட்டம் பாதிக்குமேல் போனதும் மலாயாவில் ரப்பர் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. இங்கே ஒரு வேடிக்கை. ஆட்டத்தில் ரப்பர் ஏதோ புதையல்போல மண்ணில் 'கண்டுபிடிக்கப்படுகிறது'. நிஜத்தில் பிரேசிலிலிருந்து 1876-இல் விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், முளைத்து, 1877-இல் கன்றாக இந்தப் பக்கம் வந்தது. கோலகங்சாரில் ஹியூ லோ நட்டதாகச் சொல்லப்படும் ஒன்பதில் ஒன்று இன்னும் நிற்கிறது. ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒற்றை மரத்தைக் கட்டிப்பிடித்து அழ விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

தோட்டம் கட்டும் பொத்தானை அழுத்தினேன். தோட்டம் எழுந்தது. ஆள் பற்றாக்குறை என்று எச்சரிக்கை வந்தது. எனக்கு எரிச்சல். இவ்வளவு செலவு பண்ணிக் கட்டியது சும்மா கிடக்கிறதே என்று. கொஞ்ச வருடத்தில் ஆட்கள் வந்தார்கள். பட்டியலைத் திறந்தேன். தொழிலாளர்கள், தமிழர்கள், எழுத்தறிவு இவ்வளவு, வாழ்க்கைத்தரம் இவ்வளவு. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த உணர்ச்சி நிம்மதி.

என் கொள்ளுத்தாத்தா 1920-களில் கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அந்த வரியில் அவரும் இருக்கிறார். அவரைப் பார்த்துத்தான் எனக்கு நிம்மதி, என் தோட்டத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் ரப்பர் விலை ஏறியது. நான் இன்னும் நாலு தோட்டம் கட்டினேன். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வாய்ப்பு வந்தது, முதலாளிகள் முறைத்துக்கொள்வார்கள் என்று தள்ளிப்போட்டேன். தமிழர்களின் வாழ்க்கைத்தரம் ஒரு புள்ளி இறங்கியதைக் கவனித்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரவு இரண்டு மணிக்கு மகிழ்ச்சியாகப் படுத்தேன். குற்ற உணர்ச்சி மறுநாள் காலை வேலைக்குக் காரோட்டிப் போகும்போதுதான் வந்தது.

எந்தத் தோட்டக் கதையும் எனக்கு இதைச் செய்ததில்லை. கதைகள் என்னைத் தொழிலாளி பக்கத்தில் உட்கார வைக்கின்றன. நானும் அழுகிறேன், என்மேல் எனக்கே நல்ல அபிப்பிராயம் வருகிறது. துரை எப்போதும் தொப்பியும் பூட்ஸும்தான். பத்து காஜா பக்கத்தில் இருக்கும் கெல்லி கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா போகாத பேராக் பிள்ளை இருக்க முடியாது. அருகில் இருக்கும் மாரியம்மன் கோயிலின் கூரையில் சாமி சிலைகளோடு கெல்லி ஸ்மித்துக்கும் ஓர் உருவம் உண்டு. நம் கதைகளில் துரை அந்தக் கூரைமேல்தான் நிற்கிறார், யாரும் ஏறிப் போய் அவர் கண் வழியாகக் கீழே பார்த்ததில்லை. ஆள் பற்றாக்குறை என்றதும் வருகிற அந்தச் சாதாரண எரிச்சல், விலை ஏறியதும் வருகிற சாதாரணச் சந்தோஷம், இதில் கொடுமைக்காரன் யாரும் தேவையில்லை என்பது, இதெல்லாம் எனக்கு 121 மணி நேரத்தில் தெரிந்தது. ஒரு நல்ல நாவல் இதைச் செய்ய முடியும். தமிழில் செய்யட்டுமே.

விக்டோரியாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. பாட்டி கேட்ட ஒரு கேள்விக்குக்கூட அதனிடம் பதில் கிடையாது. (ஈயமும் இல்லை. காரீயம் உண்டு, வெள்ளீயம் கிடையாது. ஈப்போ என்ற ஊரே ஈயத்தால் எழுந்தது, இன்றைக்கும் ஈயக்குட்டைகளைச் சுற்றித்தான் இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறோம். கிந்தா பள்ளத்தாக்குக்காரன் என்ற முறையில் என் கண்டனத்தை இங்கே பதிவுசெய்கிறேன்.) 1936-இல் ஆட்டம் நின்றுவிடும். இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலி அனுப்புவதைத் தடை செய்த 1938 வராது. சயாம் ரயில் வராது. சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் தொடங்கிய 1948 ஜூன் வராது. பாட்டி பிறப்பதற்கு ஆறு வருடம் முன்னாலேயே என் மதிப்பெண்ணைக் காட்டி, நன்றி சொல்லி, மூடிவிட்டது.

விளையாட்டு வாசிப்பைக் கொல்கிறது என்பவர்களுக்கு ஒரு தகவல். 46 மணி நேரம் நான் டிஸ்கோ எலீசியம் ஆடினேன். ஆடினேன் என்பதைவிட வாசித்தேன் என்பதே பொருத்தம். பத்து லட்சம் சொற்களுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். நாயகனின் மண்டைக்குள் 24 குரல்கள் ஒன்றையொன்று மறித்துப் பேசும். புரட்சி தோற்றுப்போன ஒரு துறைமுக நகரம், வேலைநிறுத்தம், குடித்துக் குடித்து நினைவிழந்த ஒரு போலீஸ்காரன். இதை எழுதியவர்களில் முதன்மையானவர் ராபர்ட் குர்விட்ஸ், எஸ்தோனியர். 2013-இல் தன் மொழியில் ஒரு நாவல் வெளியிட்டார், விலைபோகவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதே கற்பனை உலகத்தை 2019-இல் ஆட்டமாக்கினார். எஸ்தோனியாவின் மொத்த மக்கள்தொகை 13 லட்சம் சொச்சம். மலேசியாவில் இந்தியர்கள் மட்டும் சுமார் 20 லட்சம் பேர் இருக்கிறோம். நாவல் விலைபோகாத எழுத்தாளர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டம் ஆங்கிலத்தில்தான் வந்தது. குர்விட்ஸும் பின்னாளில் அந்த நிறுவனத்தை விட்டு விலக வேண்டிவந்தது. அதனால் 'நாமும் ஒரு கேம் செய்வோம்' என்று உடனே யாரும் சங்கம் தொடங்க வேண்டாம்.

வெண்பாவும் ஆடினேன். கனடாவுக்குக் குடியேறும் தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேடு, இட்லி. டொராண்டோவிலிருந்து 2023-இல் வந்தது, 2024-இல் பாஃப்டா விருது வாங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கண் கலங்கியது உண்மை. ஆனால் இட்லிக்கு அழுவது எனக்கு எப்போதும் சுலபம்.

மீதி ஐம்பத்தாறு மணி நேரத்தைப் பற்றித்தான் நான் நிஜமாகச் சொல்ல வந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 2022-இல் அதில் திராவிடர்களைச் சேர்த்தார்கள், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை வைத்துத் தனித் தொடரும் உண்டு. 2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7-இலும் சோழர்கள் இருக்கிறார்கள். அது அறிவிக்கப்பட்டபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடந்த கொண்டாட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 1025-இல் கடாரத்துக்குக் கப்பலில் வந்தோம் என்றால் நெஞ்சு நிமிர்கிறது. அதற்குத் தொள்ளாயிரம் வருடம் கழித்துக் கப்பலில் வந்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரல் தழுதழுக்கிறது. இந்த இரண்டு கப்பலையும் விட்டால் நமக்கு வேறு வாகனம் கிடையாதா?

நாங்கள் நாலு பேர், ஈப்போவில் ஒரே இடைநிலைப்பள்ளியில் படித்தவர்கள். ஒருவன் தைப்பிங் பக்கம் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை. ஒருவன் சுங்கை பட்டாணியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நாங்கள் திராவிடர் படையை எடுக்கும்போதெல்லாம் "என் ஊரையே அடிக்க வர்றீங்களாலா" என்பான். இன்னொருவன் ஜொகூர் பாருவில் ஆறு பேரோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். நாங்கள் நாலு பேரும் கடைசியாக ஒரே மேசையில் உட்கார்ந்தது 2023 தீபாவளிக்கு. ஆனால் வாரத்தில் இரண்டு இரவு, பதினொரு மணிக்கு, காதில் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு சந்திக்கிறோம். சுவர் கட்டுகிறோம், ஆடு மேய்க்கிறோம், யானைப்படை அனுப்புகிறோம். இடையில் ஒருவன் தன் அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள் என்கிறான். "சரி, வடக்குப் பக்கம் குதிர வருது பாரு" என்கிறோம். அதற்கப்புறம் பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. ஆனால் எல்லாரும் அவன் கோட்டையைச் சுற்றித்தான் படையை நிறுத்தியிருக்கிறோம். அதை அவனும் பார்த்திருப்பான்.

பன்னிரண்டு மணிக்குச் சிங்கப்பூர்க்காரன் சொல்வான்: "போதும்லா, நாலு மணிக்கு எழும்பணும். அஞ்சுக்கு மேல போனா பாலத்துல மாட்டிக்குவேன்." மழை பெய்தால் மோட்டார்சைக்கிளில் போக முடியாது, தாமதமானால் அன்றைய சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

இதை யாரும் எழுதவில்லை. அந்தப் போட்டிக்கு வந்த கதைகளில் ஒன்றில்கூட ஒருவன் கேம் ஆடவில்லை. ஒருவனுக்கும் கைப்பேசியில் ஆட்டம் கிடையாது. எழுதியவர்கள் அத்தனை பேர் கையிலும் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இலக்கியத்துக்குத் தகுதியான வாழ்க்கை பாட்டியிடம்தான் இருக்கிறது, நம்மிடம் இருப்பது வீண் பொழுது என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நாமும் மண்டபத்தில் உட்கார்ந்து கைதட்டி ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படி மறைப்பதில் இன்னொரு நட்டமும் உண்டு. திட்ட வேண்டியதையும் நம்மால் திட்ட முடிவதில்லை. என் அக்கா மகன், பதினான்கு வயது, ஒரு கைப்பேசி ஆட்டத்தில் ஒரே மாதத்தில் 640 வெள்ளியை விட்டான். அக்காவின் அட்டையில் போயிருக்கிறது. காசை நேராகக் கேட்க மாட்டார்கள். முதலில் வைரமாக மாற்ற வேண்டும். வைரத்தைக் கொடுத்து ஒரு சுழற்சி. என்ன கிடைக்கும் என்று தெரியாது. எவ்வளவு போச்சு என்பதும் வைரத்தில் பார்த்தால் தெரியாது. அக்கா அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாமல் என்னிடம் கொண்டுவந்தபோது பாட்டிதான் பக்கத்தில் இருந்து கேட்டார். "நம்ம கடைக்கார் 555-லயாவது அரிசி எவ்ளோ, சீனி எவ்ளோன்னு எழுதுவாரு" என்றார். இந்தத் தந்திரத்தைப் பற்றி, சின்னப் பிள்ளைகளை எப்படிக் கட்டிப்போடுகிறார்கள் என்பதைப் பற்றி, உள்ளே இருந்து ஆடிப் பார்த்த ஒருவன் தமிழில் எழுதியிருந்தால் என் அக்கா வாசித்திருப்பார். மேடையில் இருந்தவர் 'கேம்' என்ற ஒரே சொல்லில் டிஸ்கோ எலீசியத்தையும் அந்தச் சுழற்சியையும் போட்டு மூடிவிட்டார். அவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்த நான் சும்மா இருந்தேன்.

எனக்கும் ஒன்றும் பெருமை இல்லை. அந்த 187 மணி நேரத்தில் நூறையாவது நான் வேறு எதற்காவது கொடுத்திருக்கலாம். வாங்கி வைத்து வாசிக்காத நூல்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. சில இரவுகளில் ஆடியது சந்தோஷத்துக்காகக்கூட இல்லை, படுத்தால் யோசனை வரும் என்பதற்காக. அதுவும் எழுத வேண்டியதுதான்.

ஆக, அடுத்த டிசம்பரில் நூல்களை அடுக்கிப் படம் எடுக்கும்போது பக்கத்தில் மணிக்கணக்கையும் எழுதுங்கள். எந்த ஆட்டம், எத்தனை மணி நேரம், யாரோடு. குறைத்து எழுதிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இந்த இதழில் எழுதுகிறவர்களில் ஏழு பேர் ஸ்டீமில் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறீர்கள், நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.